மருத்துவமனைப் பணிநேர மென்பொருள்: வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் என்னென்ன?

புதுதில்லி: இரவு எட்டு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பொறுப்பேற்கும் செவிலியர் யார், மறுநாள் காலையில் அவரை விடுவிப்பவர் யார், அவருக்கு அந்த வாரத்தில் ஓய்வு நாள் உண்டா ஆகிய கேள்விகளுக்கு விடை கூறுவது மருத்துவமனையின் பணிநேரப் பட்டியலே. நீண்ட காலமாகப் பதிவேட்டிலும், பின்னர் கணினி அட்டவணையிலும் செவிலியர் கண்காணிப்பாளர்கள் கையால் தயாரித்து வந்த இப்பட்டியல், நாட்டின் பல மருத்துவமனைகளில் இப்போது பணியாளர் மேலாண்மை மென்பொருள்களின் பொறுப்புக்கு மாறி வருகிறது.

இம்மாற்றம் வெறும் அலுவலக வசதி சார்ந்ததன்று. தவறான மென்பொருளைத் தேர்வு செய்தால் ஊதியம் தவறும், விடுப்பு மறுக்கப்படும், களைப்புற்ற ஒருவரின் கையில் நோயாளியின் உயிர் ஒப்படைக்கப்படும். சரியானதைத் தேர்வு செய்தால், எவர் எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்ற உண்மை முதன்முறையாக நிர்வாகத்தின் மேசைக்கு வரும். ஆகவே, இத்தகைய மென்பொருளை வாங்கும் முன் மருத்துவமனைகள் கவனிக்க வேண்டியவை எவை என்பதை விரிவாகக் காண்போம்.

இப்போது இது ஏன் முக்கியம்?

கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். நீண்ட நேரப் பணிக்கு இடையே கருத்தரங்குக் கூடத்தில் அவர் ஓய்வெடுக்கச் சென்றிருந்தபோது இக்கொடுமை நிகழ்ந்தது. இவ்வழக்கைத் தாமாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றம், மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்பு, பணிச்சூழல் ஆகியவை குறித்துப் பரிந்துரைக்கத் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. உறைவிட மருத்துவர்கள் சிலர் தொடர்ந்து 36 மணி நேரம் பணியாற்றுவது மனிதத் தன்மையற்றது என்றும் அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு கவலை தெரிவித்தது.

இது குறித்த விதிகள் புதியவை அல்ல. உறைவிட மருத்துவர்களின் தொடர் பணி வழக்கமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மிகக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு என 1992-ஆம் ஆண்டிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள், "நியாயமான பணிநேரம்" என்று மட்டுமே குறிப்பிடுகின்றன; எண் எதையும் வரையறுக்கவில்லை. மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து அந்த ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் அளித்த அறிக்கையில், வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை கட்டாயம் என்று பரிந்துரைத்தது.

48, 74, "நியாயமான" என மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன. ஆனால், ஒரு மருத்துவர் கடந்த வாரம் உண்மையில் எத்தனை மணி நேரம் பணியாற்றினார் என்பதைக் கணக்கிட்டு வைத்திருக்கும் முறை இல்லாத இடத்தில், எந்த அளவுகோலும் காகிதத்திலேயே தங்கிவிடும். பணிநேர மென்பொருளின் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

வருகைப் பதிவும் பணிநேர மேலாண்மையும் ஒன்றா?

அல்ல. வாங்குவோர் அதிகம் தடுமாறும் இடம் இதுவே. வருகைப் பதிவுக் கருவி, ஒருவர் வந்தாரா இல்லையா என்பதை மட்டும் கூறும். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆதார் அடிப்படையிலான வருகைப் பதிவைக் கட்டாயமாக்கிய தேசிய மருத்துவ ஆணையம், 2025 மே 1 முதல் அதனை முக அடையாளம் வழியான பதிவாக மாற்றியது. ஏட்டில் மட்டும் பெயர் உள்ள ஆசிரியர்களைக் கண்டறிவது அத்தகைய முறையின் நோக்கம். வர வேண்டியவர் வராததை அது காட்டும்; போக வேண்டியவர் போகாமல் இருப்பதை அது பொருட்படுத்தாது.

பணியாளர் மேலாண்மை மென்பொருளுக்கு ஐந்து பணிகள் உண்டு. எந்தப் பிரிவுக்கு எந்நேரத்தில் எத்தனை பேர் தேவை என்று கணித்தல், அதற்கேற்பப் பட்டியல் தயாரித்தல், விடுப்பையும் பணிமாற்றத்தையும் கையாளுதல், உண்மையில் பணியாற்றிய நேரத்தைப் பதிவு செய்தல், அந்நேரத்தை ஊதியக் கணக்குடன் இணைத்தல் ஆகியவையே அவை. ஒரு நிறுவனம் தன் மென்பொருளில் இவை அனைத்தும் உள்ளன என்று கூறினால், ஐந்தையும் தனித்தனியே இயக்கிக் காட்டுமாறு கேட்பது நல்லது.

முதலில் செய்ய வேண்டிய கணக்கு

எந்த மென்பொருளும் இல்லாத பணியாளரை உருவாக்காது. ஆகவே, விலைப்பட்டியலைப் பார்க்கும் முன், தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கையை மருத்துவமனை தானே கணக்கிட வேண்டும்.

இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல்படி, பொது வார்டில் போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியரும், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியரும் இருக்க வேண்டும். விடுப்பில் செல்வோருக்கு ஈடாகக் கூடுதலாக 30 சதவீதம் பேர் வேண்டும் என்பதும் அந்த அளவுகோலின் பகுதி.

30 படுக்கைகள் கொண்ட ஒரு பொது வார்டை எடுத்துக்கொள்வோம். ஐந்துக்கு ஒருவர் எனில், ஒரு பணிமுறைக்கு ஆறு செவிலியர். எட்டு மணி நேரம் வீதம் மூன்று பணிமுறைகளுக்கு நாளொன்றுக்கு 18 பேர். வாரத்துக்கு நிரப்ப வேண்டிய பணிமுறைகள் 126. ஒருவர் வாரம் ஆறு நாள் மட்டுமே பணியாற்றினால், விடுப்பே யாரும் எடுக்காத நிலையிலும் 21 பேர் தேவை. நாளொன்றுக்கான 18 பேருடன் 30 சதவீதக் கூடுதலைச் சேர்த்தால் 24 பேர்.

ஆனால் நாளொன்றுக்கு 18 பேர் தேவை என்பதைக் கண்டு, 18 பேரையே அந்த வார்டுக்கு நியமித்தால் என்ன ஆகும்? அவர்கள் வாரம் ஆறு நாள் உழைத்து 108 பணிமுறைகளை நிரப்புவர். மீதம் 18 பணிமுறைகள் காலியாக நிற்கும். அதாவது, ஒவ்வொரு செவிலியரும் தமது வார ஓய்வை இழந்தால்தான் பட்டியல் நிறைவு பெறும். ஒவ்வொருவரின் வாரப் பணியும் 48 மணி நேரத்திலிருந்து 56 மணி நேரமாக உயரும்.

இந்நிலையில், மென்பொருள் என்ன செய்கிறது என்பதே அதன் தரத்துக்கான முதல் சோதனை. தரமற்ற மென்பொருள் வார ஓய்வை ஓசையின்றி நீக்கிவிட்டு, பட்டியல் தயார் என்று பச்சை நிறத்தில் காட்டும். தரமானது, விதிகளுக்கு உட்பட்டு நிரப்ப இயலாத 18 இடங்களையும் காலியாகவே காட்டி, ஆள் பற்றாக்குறை என்று அறிவிக்கும். முதலாவது பார்வைக்கு இனிமையானது. இரண்டாவதே நோயாளிக்கும் செவிலியருக்கும் பாதுகாப்பானது.

இரவுப் பணியைப் புரிந்துகொள்கிறதா?

அலுவலகங்களுக்காக எழுதப்பட்ட பல மென்பொருள்கள் நள்ளிரவு 12 மணியுடன் ஒரு நாள் முடிகிறது என்று கருதுகின்றன. மருத்துவமனையிலோ, பகலில் இரண்டு ஆறு மணி நேரப் பணிமுறைகளும் இரவில் 12 மணி நேரப் பணிமுறை ஒன்றும் என்ற ஏற்பாடு பரவலாக உள்ளது. இரவு 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு முடியும் பணியை, முதல் நாளில் நான்கு மணி நேரமாகவும் மறுநாளில் எட்டு மணி நேரமாகவும் பிரித்து, முதல் நாளை அரை நாள் விடுப்பாகக் கணக்கிடும் மென்பொருளால் மாத இறுதியில் ஊதியம் குறையும்.

எனவே செயல்விளக்கத்தின்போது, விற்பனைப் பிரதிநிதி கொண்டுவரும் மாதிரித் தரவுகளைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மருத்துவமனையின் கடந்த மாதப் பட்டியல் ஒன்றைப் பணியாளர்களின் பெயர்களை நீக்கிவிட்டு அளித்து, பின்வரும் சூழல்களைச் செய்து காட்டுமாறு கேட்கலாம்.

மாதத்தின் கடைசி இரவில் தொடங்கி, அடுத்த மாதத்தின் முதல் காலையில் முடியும் பணி எந்த மாத ஊதியத்தில் சேர்கிறது?

இரவு 8 மணிப் பணிக்கு வர வேண்டியவர் 7 மணிக்கு உடல்நலமில்லை என்று தெரிவித்தால், மாற்று ஆள் யார் என்று மென்பொருள் பரிந்துரைக்கிறதா? அன்று காலையில்தான் பணி முடித்துச் சென்றவரை அந்தப் பரிந்துரையில் சேர்க்கிறதா?

பணி ஒப்படைப்புக்காகக் கூடுதலாக நிற்கும் அரை மணி நேரம் பதிவாகிறதா, அல்லது பட்டியலில் உள்ள நேரத்துக்கு மேற்பட்டது தானாகவே வெட்டப்படுகிறதா?

வீட்டிலிருந்து அவசர அழைப்புக்குக் காத்திருக்கும் மருத்துவர் நள்ளிரவில் வரவழைக்கப்பட்டால், அந்நேரம் எந்தக் கணக்கில் சேர்கிறது?

இக்கேள்விகளுக்கு "பின்னர் செய்து தருகிறோம்" என்ற பதில் கிடைத்தால், எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிப் பெறுவது அவசியம்.

சட்டம் மாறும்போது மென்பொருளும் மாற வேண்டும்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. மிகைநேரப் பணிக்கு இரு மடங்கு ஊதியம், அனைவருக்கும் பணி நியமனக் கடிதம், பெண்கள் தங்கள் ஒப்புதலுடன் இரவுப் பணியாற்ற அனுமதி, பணியிலிருந்து விலகுவோருக்கு இரண்டு வேலை நாள்களுக்குள் ஊதியத் தீர்வு ஆகியவை அவற்றின் முக்கிய அம்சங்கள். இவை ஒவ்வொன்றும் பணிநேர மென்பொருளுடன் நேரடித் தொடர்புடையவை. எடுத்துக்காட்டாக, இரவுப் பணிக்கான ஒப்புதல் எப்போது பெறப்பட்டது என்பதையும் அது திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் பதிவு செய்யும் இடம் மென்பொருளில் இருக்க வேண்டும்.

மாநில விதிகளும் கடைகள், நிறுவனங்கள் தொடர்பான மாநிலச் சட்டங்களும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. பல மாநிலங்களில் கிளைகள் கொண்ட மருத்துவமனைக் குழுமங்கள், ஒவ்வொரு கிளைக்கும் தனி விதித் தொகுப்பை அமைக்க இயலுமா என்று பார்க்க வேண்டும். விதி மாறும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளரை எதிர்பார்த்திருக்கும் நிலை கூடாது. மருத்துவமனையின் மனிதவளப் பிரிவே மாற்றம் செய்யத்தக்கதாக அது அமைந்திருக்க வேண்டும்.

செவிலியர் பணியில் பெண்களே பெரும்பான்மையினர். 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் இரு குழந்தைகளுக்கான மகப்பேறு விடுப்பு 26 வாரங்கள். இந்நீண்ட விடுப்புகளை முன்கூட்டியே கணக்கில் கொண்டு, மாற்று ஆள்களின் தேவையைச் சில மாதங்களுக்கு முன்பே காட்டும் வசதி இருந்தால், மகப்பேறு என்பது சக பணியாளர்களின் மீது விழும் திடீர்ச் சுமையாக மாறாது.

தகுதியைச் சரிபார்க்கும் பொறுப்பு

மருத்துவமனையில் ஆள் எண்ணிக்கை மட்டும் போதாது. செயற்கைச் சுவாசக் கருவியைக் கையாளப் பயிற்சி பெற்றவருக்குப் பதிலாக வேறொருவரை அமர்த்தினால், பட்டியலில் இடம் நிரம்பும். படுக்கையருகே அந்த இடம் காலியாகவே இருக்கும்.

எனவே ஒவ்வொரு பணியாளரின் கல்வித் தகுதி, சிறப்புப் பயிற்சி, மருத்துவ அல்லது செவிலியர் குழுமப் பதிவின் காலாவதித் தேதி ஆகியவை மென்பொருளில் இடம்பெற வேண்டும். பதிவு காலாவதியாகும் முன் எச்சரிக்கை வர வேண்டும். இந்திய செவிலியர் குழுமம் செவிலியர்களுக்குத் தேசிய அளவிலான தனி அடையாள எண் வழங்கி வருகிறது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின்கீழ் மருத்துவப் பணியாளர்களுக்கான பதிவேடும் செயல்படுகிறது. இவ்வெண்களைப் பதிவு செய்யும் வசதியைக் கேட்டுப் பெறுவது எதிர்காலத்தில் பயன் தரும்.

தரவு யார் கையில்?

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினி அமைப்பு 2022 நவம்பர் 23-ஆம் தேதி இணையவழித் தாக்குதலுக்கு உள்ளானது. வெளிநோயாளிகள் பதிவு முதல் ஆய்வகப் பணிகள் வரை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கையெழுத்து முறையில் நடந்தன. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில், பணிநேரமும் ஊதியமும் கணக்கிடும் குரோனோஸ் மென்பொருளின் தனியார் மேகக் கணினிச் சேவை பணயத் தாக்குதலால் முடங்கியது. அமெரிக்க மருத்துவமனைகள் பல வாரக்கணக்கில் காகிதத்தில் நேரம் குறித்தன. முந்தைய ஊதியத்தை அடிப்படையாகக் கொண்டு தோராயமாகச் சம்பளம் வழங்கிய இடங்களும் உண்டு.

இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துவது ஒன்றே. மென்பொருள் நின்றாலும் மருத்துவமனை நிற்காது. அடுத்த இரண்டு வாரங்களுக்கான பட்டியல், பணியாளர்களின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றின் நகல் இணையத்துக்கு வெளியே நாள்தோறும் சேமிக்கப்படுகிறதா? கடந்த மாதத்து வேலை நேரக் கணக்கைச் சேவை நிறுவனத்தின் உதவியின்றி எடுக்க இயலுமா? இவ்விரண்டு கேள்விகளும் கட்டாயம் எழுப்பப்பட வேண்டும்.

சட்டப் பொறுப்பும் உண்டு. இணையப் பாதுகாப்பு மீறல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் வகை செய்கிறது. பணி தொடர்பான காரணங்களுக்காகப் பணியாளரின் தரவைத் தனி ஒப்புதலின்றிக் கையாளச் சட்டம் இடமளித்தாலும், அதனைப் பாதுகாக்கும் கடமையிலிருந்து மருத்துவமனைக்கு விலக்கு இல்லை.

குறிப்பாக, விரல்ரேகை, முக அடையாளம், கைப்பேசியின் இருப்பிடம் ஆகியவற்றைச் சேகரிக்கும் மென்பொருள்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. கடவுச்சொல் திருடப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். விரல்ரேகையை மாற்ற இயலாது. பணி முடித்து வெளியேறிய பின்னரும் ஒருவரின் இருப்பிடம் பதிவாகிறதா என்பதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பட்டியல் எப்போது வெளியாகிறது?

மென்பொருளின் பயனைப் பணியாளர் உணரும் இடம் இது. பிரிட்டனின் பொதுச் சுகாதார மருத்துவமனைகளின் செயல்திறனை ஆய்வு செய்த கார்ட்டர் பிரபு 2016-இல் அளித்த அறிக்கையில், மின்னணுப் பணிநேரப் பட்டியல்கள் ஆறு வாரங்களுக்கு முன்பே வெளியிடப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தார். அங்கு அதே ஆண்டு வந்த இளநிலை மருத்துவர்களுக்கான ஒப்பந்தம், பட்டியலை மீறிப் பணியாற்ற நேர்ந்தால் அதனை மருத்துவரே பதிவு செய்யும் முறையையும், அதனைக் கண்காணிக்கத் தனிப் பொறுப்பாளரையும் ஏற்படுத்தியது.

பட்டியல் ஞாயிறு இரவு வந்து திங்கள் காலை நடைமுறைக்கு வருமானால், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது முதல் உறவினர் திருமணத்துக்குச் செல்வது வரை எதையும் திட்டமிட இயலாது. முன்கூட்டியே பட்டியலை வெளியிடுதல், பணியாளர்கள் தங்களுக்குள் பணிமுறையை மாற்றிக்கொள்ளுதல், உண்மையில் உழைத்த நேரத்தைத் தாமே பதிவு செய்தல் ஆகிய மூன்றும் கைப்பேசியில் எளிதாக அமைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். இரவுப் பணியும் பண்டிகை நாள் பணியும் அனைவருக்கும் சமமாகப் பகிரப்படுகின்றனவா என்பதைப் பணியாளர்களே காணும் வசதி இருந்தால், பாரபட்சம் குறித்த ஐயங்கள் குறையும். தூய்மைப் பணியாளர்களும் வார்டு உதவியாளர்களும் பயன்படுத்துவதற்கு வட்டார மொழியில் திரை அமைவதும் இன்றியமையாதது.

விலை மட்டும் போதுமா?

அரசு மருத்துவமனைகளில் குறைந்த விலை கோரியவருக்கே ஒப்பந்தம் என்பது நெடுநாள் வழக்கம். கட்டுமானப் பணிகளுக்கும் ஆலோசனை சாராத சேவைகளுக்கும் தேவையான இடங்களில் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் அளித்துத் தேர்வு செய்ய மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வழிவகுத்தது. தனியார் மருத்துவமனைகளும், தலைக்கு மாதம் இவ்வளவு என்ற கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல், பழைய தரவை மாற்றும் செலவு, ஊதிய மென்பொருளுடன் இணைக்கும் செலவு, பயிற்சி, ஆண்டுதோறும் உயரும் கட்டணம், ஒப்பந்தம் முடியும்போது தரவைத் திரும்பப் பெறும் செலவு ஆகியவற்றைச் சேர்த்து, ஐந்து ஆண்டுகளுக்கான மொத்தத் தொகையைக் கணக்கிட வேண்டும்.

தேர்வுக் குழுவில் கணினிப் பிரிவும் நிதிப் பிரிவும் மட்டும் இடம்பெறுவது பொதுவான குறை. நாள்தோறும் பட்டியல் எழுதும் செவிலியர் கண்காணிப்பாளர், இரவுப் பணி பார்க்கும் செவிலியர், உறைவிட மருத்துவர், ஊதியக் கணக்கர் ஆகியோரும் அக்குழுவில் இருக்க வேண்டும். முழு மருத்துவமனைக்கும் ஒரே நாளில் மாறாமல், இரண்டு அல்லது மூன்று வார்டுகளில் குறைந்தது இரு ஊதியச் சுற்றுகளுக்குப் பழைய முறையுடன் இணையாக இயக்கி, இரண்டின் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பின்னரே விரிவாக்குவது பாதுகாப்பானது.

இறுதியில் எஞ்சும் கேள்வி

மென்பொருள் தயாரிக்கும் அறிக்கையில் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் உழைத்தவர்களின் பெயர்கள் இருக்கும். வார ஓய்வு மறுக்கப்பட்ட நாள்களும், காலியாக விடப்பட்ட பணிமுறைகளும் இருக்கும். அந்த அறிக்கை மாதந்தோறும் யாரிடம் செல்லும், அதன்மீது முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே மருத்துவமனை தீர்மானித்துவிட வேண்டும். 30 படுக்கை வார்டுக்கு 24 செவிலியர் தேவை, இருப்பது 18 பேர் என்று மென்பொருள் கூறினால், மீதி ஆறு பேரை நியமிக்க வேண்டியது நிர்வாகமே.